மேல்வரைப் பற்றும் வாடிக்கையாளர் வழக்குகளும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

பொருளைக் காப்பதற்கும், கைமாறும் பணத்திற்குக் கணக்கு வைப்பதற்கும் ஏற்பட்ட நிறுவனம் வங்கி. கணக்கில் பணம் உள்ளவரையில் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே சச்சரவு எழுவது அரிது. பணம் தீர்ந்த பின்னரே வழக்குப் பிறக்கிறது. 'பட்ட காலிலே படும். கெட்ட குடியே கெடும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கணக்கில் பணம் குறைந்தவரிடமே மேலும் பணம் கழிக்கும் வங்கிக் கட்டணங்களைப் பற்றிப் படித்தபோது இப்பழமொழியே என் நினைவுக்கு வந்தது.

வணிகவியல் மாணவர் எழுத வேண்டிய கட்டுரையைக் கணித மாணவி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். இவ்வழக்குகளில் சட்டம் எத்துணை உண்டோ, அத்துணைக் கூட்டலும் கழித்தலும் உண்டு. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவர் எவரும் இவற்றைப் புரிந்து கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வங்கிப் படியேறியவள் நான் என்பதும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம். இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் இக்கட்டணங்கள் பற்றி எழுந்த வழக்குகளையும் விதிகளையும் முறையாகக் காண்போம்.

மேல்வரைப் பற்று என்பது யாது?

ஒருவர் தம் கணக்கில் உள்ள தொகைக்கு மேலாகப் பணம் எடுப்பதை அல்லது செலவிடுவதை வங்கி அனுமதிக்குமானால், மேலாக எடுத்த அத்தொகையே மேல்வரைப் பற்று எனப்படும். 'ஓவர்டிராப்ட்' என்று வங்கிகளில் வழங்குவது இதுவே. கணக்கில் 500 ரூபாய் இருக்க, 700 ரூபாய்க்கு எழுதிய காசோலையை வங்கி மதித்துப் பணம் கொடுத்தால், இருப்பு கழித்தல் 200 ஆகிறது. அந்த 200 ரூபாய், வங்கி கொடுத்த கடன்.

இம்முறைக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வயது. 1728-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில், ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து வில்லியம் ஹாக் என்னும் வணிகருக்கு, அவர் இருப்பில் உள்ளதற்கு மேல் 1,000 பவுண்டு வரையில் எடுத்துக்கொள்ள இசைவு தந்தது. இதனையே முதல் மேல்வரைப் பற்றாகக் குறிப்பிடுவர். சரக்கு விற்றுப் பணம் வருமுன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வணிகருக்கு அது பெரிதும் உதவியது.

இதில் இரு வகை உண்டு. முன்கூட்டியே பேசி, வரம்பும் வட்டியும் வகுத்துப் பெறுவது முதல் வகை. பேச்சு ஒன்றும் இன்றி, இருப்பு எதிர்பாராமல் குறைந்து போகும்போது தானாக நேர்வது இரண்டாம் வகை. முதல் வகையைப் பெரும்பாலும் வணிகர் பெறுகின்றனர். இரண்டாம் வகையில் சம்பள நாளை எதிர்நோக்கும் எளியவரே பெரிதும் அகப்படுகின்றனர். வழக்குகள் அனைத்தும் இவ்விரண்டாம் வகையைப் பற்றியவையே.

விலையா, தண்டமா? – இங்கிலாந்து வழக்கு

இங்கிலாந்தில் நடப்புக் கணக்கு வைத்திருப்போர் பெரும்பாலோர் மாதக் கட்டணம் ஏதும் செலுத்துவதில்லை. இருப்பு பூச்சியத்துக்கு மேல் உள்ளவரை எல்லாம் இலவசம். ஆனால் அனுமதியின்றி இருப்பு கீழே இறங்கினால், ஒரு தடவைக்கு 30 பவுண்டும் அதற்கு மேலும் வாங்கிய வங்கிகள் உண்டு. குறைந்த தொகை இரண்டு பவுண்டாக இருந்தாலும் கட்டணம் அதுவே.

ஒப்பந்தத்தை மீறியவரிடம் உண்மையான நட்டத்துக்கு ஈடாக வாங்கலாம். அச்சுறுத்தும் தண்டமாக வாங்கக் கூடாது என்பது ஆங்கிலேயச் சட்டத்தில் நெடுநாளாக உள்ள கொள்கை. 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில், நியாய வணிக அலுவலகம் என்னும் அரசு அமைப்பு, கடன் அட்டைகளில் தவணை தவறியோரிடம் 12 பவுண்டுக்கு மேல் வாங்கும் கட்டணத்தை நியாயமற்றதாகக் கருதுவோம் என்று அறிவித்தது. இதைக் கேட்ட மக்கள், 'அட்டைக்கு ஒரு நீதி, கணக்குக்கு ஒரு நீதியா?' என்று வினவி, ஆயிரக்கணக்கில் சிறு வழக்கு மன்றங்களை நாடினர். வங்கிகள் பல வழக்குகளில் விசாரணைக்கு நில்லாமல் பணத்தைத் திருப்பித் தந்தன.

முடிவாக ஒரு தீர்ப்புக் கிடைக்கட்டும் என்று 2007 ஜூலையில் ஒரு சோதனை வழக்குத் தொடரப்பட்டது. ஒரு பக்கம் நியாய வணிக அலுவலகம். மறு பக்கம் ஏழு வங்கிகளும் ஒரு வீட்டுக் கடன் சங்கமும். இக்கட்டணங்களின் நியாயத்தை 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி ஆராயலாம் என்று உயர் நீதிமன்றம் 2008 ஏப்ரலில் கூறியது. மேல்முறையீட்டு மன்றமும் 2009 பிப்ரவரியில் அதனையே உறுதி செய்தது. ஆனால் 25-11-2009 அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளும் ஒரு மனமாக, வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் அடிப்படையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு பொருளின் விலை மிகுதியா, குறைவா என்று அவ்விதிகளின் கீழ் ஆராய இயலாது. இக்கட்டணம் வங்கி அளிக்கும் மொத்தச் சேவைக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி. எனவே அது மிகுதி என்ற காரணத்தால் நியாயமற்றது எனக் கூற அலுவலகத்துக்கு வழியில்லை என்பதே தீர்ப்பு. தனிநபர் நடப்புக் கணக்குகளில் வங்கிகள் பெறும் மொத்த வருவாயில் 30 சதவிகிதத்துக்கு மேல் இக்கட்டணங்களிலிருந்தே வந்தது என்ற விவரம் இத்தீர்ப்பில் இடம் பெறுகிறது. கட்டணம் நியாயமானது என்று நீதிமன்றம் சான்று வழங்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. எவருக்கும் இலவசமாகத் தோன்றும் சேவைக்கும் எவரோ ஒருவர் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இருப்பு நிறைந்தவரின் இலவசத்துக்கு இருப்பு குறைந்தவர் விலை கொடுக்கிறார். 2016-ஆம் ஆண்டில் ஏற்பாடு இல்லாத மேல்வரைப் பற்றுக் கட்டணத்தில் பாதிக்கு மேல், வாடிக்கையாளரில் 1.5 சதவிகிதத்தினரிடமிருந்து மட்டுமே வந்ததாக அந்நாட்டின் நிதி ஒழுங்காற்று ஆணையம் கண்டறிந்தது.

வழக்கு மன்றத்தில் கிடைக்காதது பின்னர் விதியால் கிடைத்தது. அவ்வாணையம் 06-04-2020 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின் மூலம், நிலையான கட்டணங்களை அறவே நீக்கியது. மேல்வரைப் பற்றுக்கு ஆண்டு வட்டி ஒன்று மட்டுமே வாங்கலாம். ஏற்பாடு இல்லாததற்கு ஏற்பாடு உள்ளதைவிட மிகுதியாக வாங்கலாகாது என்பன அவ்விதிகள். பல வங்கிகள் 40 சதவிகிதத்தை ஒட்டி வட்டி வைத்தன. 40 என்றதும் நாம் திடுக்கிடுவோம். கணக்கிட்டுப் பார்ப்போம்: 100 பவுண்டுக்கு ஒரு நாள் வட்டி, 40-ஐ 365-ஆல் வகுக்க, ஏறத்தாழ 11 பென்சு. முன்னர் நாளொன்றுக்கு 5 பவுண்டு வாங்கிய வங்கியும் உண்டு. கேட்கச் சிறியதாக உள்ள கட்டணம் பெரியதாகவும், கேட்கப் பெரியதாக உள்ள வட்டி சிறியதாகவும் இருப்பது கணக்கிட்ட பின்னரே தெரிகிறது.

எது முதலில்? – அமெரிக்க வழக்கு

கூட்டலில் எண்களை எந்த வரிசையில் எழுதினாலும் விடை ஒன்றே. இதனைப் பரிமாற்று விதி என்று பள்ளியில் படித்தோம். கழித்துக்கொண்டே போனாலும் இறுதி மீதி மாறாது. ஆயினும் வரிசையை மாற்றினால் கட்டணம் மாறும் என்பதை அமெரிக்க வழக்குகள் காட்டுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஒருவர் கணக்கில் 100 டாலர் உள்ளது எனக் கொள்வோம். அவர் ஒரே நாளில் அட்டையைக் கொண்டு 10, 15, 20, 90 டாலர் என்ற வரிசையில் நான்கு பொருள்கள் வாங்குகிறார். ஒவ்வொரு மேல்வரைப் பற்றுக்கும் 35 டாலர் கட்டணம் எனக் கொள்க.

வாங்கிய வரிசையிலேயே கழித்தால், இருப்பு 90, 75, 55 என்று குறைந்து, நான்காவதில் மட்டும் கழித்தல் 35 ஆகும். கட்டணம் ஒன்று; 35 டாலர்.

பெரியதை முதலில் கழித்தால், 90 போக மீதி 10. அடுத்து 20 கழிக்கக் கழித்தல் 10. பின்பு 15 கழிக்கக் கழித்தல் 25. பின்பு 10 கழிக்கக் கழித்தல் 35. கட்டணம் மூன்று, 105 டாலர்.

இரு முறையிலும் கட்டணத்துக்கு முந்தைய இறுதி இருப்பு கழித்தல் 35 தான். ஆனால் கட்டணம் மும்மடங்கு. பெரிய எண்களை முதலில் வைத்தால் இருப்பு விரைவில் தீரும். எஞ்சிய சிறிய எண்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டணத்தைக் கொண்டு வரும். கட்டணங்களின் எண்ணிக்கை மிக அதிகமாவது இந்த இறங்கு வரிசையில்தான் என்பதை நம் வகுப்பு மாணவர் எவரும் எளிதில் நிறுவலாம்.

வெல்ஸ் பார்கோ என்னும் பெரிய வங்கி 2001-இல் கலிபோர்னியாவில் இம்முறைக்கு மாறியது. வாடிக்கையாளர் சிலர் எல்லோர் சார்பிலும் வழக்குத் தொடர்ந்தனர். வீட்டு வாடகை, கடன் தவணை போன்ற பெரிய தொகைகளே முக்கியமானவை. அவை திரும்பி வரலாகாது என்பதற்காகவே பெரியதை முதலில் வைத்தோம் என்பது வங்கியின் வாதம். அட்டைச் செலவுகள் அனைத்தையும் வங்கி முன்பே அனுமதித்து, எல்லாவற்றையும் செலுத்தவும் போகிறது. எதுவும் திரும்பி வராதபோது முக்கியமானதை முதலில் வைப்பதற்குப் பொருள் யாது? இவ்வாதத்தை ஏற்காத நீதிபதி வில்லியம் ஆல்சப், கட்டண எண்ணிக்கையைப் பெருக்குவதே நோக்கம் என்று கண்டு, ஏறத்தாழ 20 கோடியே 30 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2010 ஆகஸ்டில் ஆணையிட்டார்.

மேல்முறையீட்டில் 2012-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. எந்த வரிசையில் கழிப்பது என்பது மத்தியச் சட்டப்படி வங்கியின் உரிமை. மாநிலச் சட்டம் அதில் தலையிடாது என்றது மேல் மன்றம். ஆனால் வரிசையைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தவறான எண்ணத்தை உண்டாக்கியது குற்றமே என்றும் அது கூறியது. அந்த அடிப்படையில் 2013-இல் அதே தொகை மீண்டும் விதிக்கப்பட்டது. 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வங்கியின் மனுவை ஏற்க மறுத்ததுடன் வழக்கு முடிவுற்றது. இதே பொருள் பற்றி மயாமி நகர நீதிமன்றத்தில் பல வங்கிகள் மீது நடந்த வழக்குகளில், பாங்க் ஆப் அமெரிக்கா 2011-இல் 41 கோடி டாலர் தர இசைந்து சமரசம் செய்துகொண்டது.

கேளாமல் கொடுத்த கடன்

அட்டையில் பணம் இல்லை என்றால் 'இல்லை' என்று சொல்லி நிறுத்திவிடலாமே, கேளாமல் கடன் கொடுத்துக் கட்டணம் வாங்குவானேன் என்ற வினாவும் அமெரிக்காவில் எழுந்தது. அந்நாட்டு மத்திய வங்கி 2009 நவம்பரில் ஒரு விதி வகுத்தது. ஏ.டி.எம். எடுப்புக்கும் ஒரு தடவை அட்டைச் செலவுக்கும் வாடிக்கையாளரின் முன் இசைவின்றி மேல்வரைப் பற்றுக் கட்டணம் வாங்கலாகாது என்ற அவ்விதி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. காசோலைகளுக்கு இவ்விதி பொருந்தாது.

இசைந்தவர் நிலை என்னாயிற்று? 2014-இல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. அட்டை மேல்வரைப் பற்றுக் கட்டணங்களில் பெரும்பான்மை 24 டாலருக்கு மேற்படாத செலவுகளுக்கே விதிக்கப்பட்டன. பெரும்பாலோர் மூன்று நாளில் கடனை அடைத்தனர். கட்டணமோ 34 டாலர். இதனை வட்டியாக்கிப் பார்ப்போம். 34-ஐ 24-ஆல் வகுக்க 1.417. மூன்று நாளுக்கு இவ்வளவென்றால் ஆண்டுக்கு 365-ஐ 3-ஆல் வகுத்துப் பெருக்க ஏறத்தாழ 172. அதாவது 17,000 சதவிகிதத்துக்கு மேல்! நம் ஊரில் மீட்டர் வட்டிக்காரரை ஏசுகிறோம். அவர் கூட இவ்வட்டியைக் கேட்டால் வியந்து நிற்பார்.

பின்னர் அதே அமைப்பு, பெரிய வங்கிகள் 5 டாலருக்கு மேல் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றை 2024 டிசம்பரில் இயற்றியது. நடைமுறைக்கு வருமுன்னரே, 2025 மே மாதத்தில், அந்நாட்டுப் பாராளுமன்றத் தீர்மானமும் குடியரசுத் தலைவரின் கையொப்பமும் சேர்ந்து அதனை நீக்கின. இடையில் கேபிடல் ஒன் என்னும் வங்கி இக்கட்டணத்தைத் தானாகவே கைவிடுவதாக 2021 டிசம்பரில் அறிவித்தது. பாங்க் ஆப் அமெரிக்கா 2022-இல் 35 டாலரை 10 டாலராகக் குறைத்தது. கேள்வி கேட்ட மக்களும், போட்டியிட்ட வங்கிகளும் சேர்ந்து செய்த வேலை இது.

நம் நாட்டு நிலை

நம் சேமிப்புக் கணக்குகளில் பொதுவாக இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை. ஆகவே இத்தகு வழக்குகள் இங்கு இல்லை எனலாமா? இக்கட்டணத்தின் உடன்பிறப்பு ஒன்று இங்கும் உண்டு. அதுவே குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இவ்வகையில் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அங்கும் இங்கும் கட்டணத்துக்குக் காரணம் ஒன்றே: கணக்கில் பணம் குறைவு.

என் அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருந்தும். முதலாண்டில் எனக்கு வந்த உதவித்தொகையை, முன்பே ஒரு வங்கியில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கில் பெற்றேன். விடுதிக் கட்டணம் கட்டிய பின் கணக்கில் சிறு தொகையே இருந்தது. கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டபோது, மூன்று மாதங்களில் மாதம் 59 ரூபாய் வீதம் 177 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. கைத்தறி நெசவாளரான என் தந்தையார் அதைக் கேட்டு, 'ஏம்மா, பணம் குறைஞ்சுதுன்னு அதுலேயே எடுத்தா, அடுத்த மாசம் இன்னும்தானே குறையும்?' என்றார்.

எழுத்தறியாத என் தந்தையார் கேட்டது மிகச் சரியான கணிதக் கேள்வி. வைக்க வேண்டியது 1,000 ரூபாய், உள்ளது 600 ரூபாய் எனக் கொள்வோம். குறைவு 400. குறைவில் 5 சதவிகிதம் கட்டணம் என்றால் முதல் மாதம் 20 ரூபாய். அடுத்த மாதம் குறைவு 420, கட்டணம் 21. அதற்கடுத்து 441, கட்டணம் 22 ரூபாய் 5 காசு. இது ஒரு பெருக்குத் தொடர். கூட்டு வட்டியின் சூத்திரமும் இதுவே. கடன் வாங்கியவர் கூட்டு வட்டி கொடுப்பது உலக வழக்கம். இங்கே வாங்காத கடனுக்குக் கூட்டு வட்டி!

ரிசர்வ் வங்கி இதனை உணராமல் இல்லை. 2014 நவம்பரில் வெளியிட்டு 01-04-2015 முதல் நடைமுறைப்படுத்திய சுற்றறிக்கையில் மூன்று காப்புகளைத் தந்தது. இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்புத் தந்து ஒரு மாத அவகாசம் அளிக்க வேண்டும். கட்டணம் குறைவின் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இக்கட்டணத்தால் மட்டும் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகலாகாது. மேற்சொன்ன தொடர் பூச்சியத்தில் நின்றுவிடுவது இம்மூன்றாம் காப்பினால்தான். அமெரிக்காவில் வழக்காடிப் பெற முயன்றதில் ஒரு பகுதியை நாம் ஒரு சுற்றறிக்கையால் பெற்றிருக்கிறோம்.

குறைந்தபட்ச இருப்பே வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு 2012 முதல் எல்லா வங்கிகளிலும் உண்டு. பாரத ஸ்டேட் வங்கி 2020-இலும், கனரா வங்கி, பஞ்சாப் தேசிய வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-இலும் சேமிப்புக் கணக்குகளில் இக்கட்டணத்தைக் கைவிட்டன. எல்லா வங்கிகளும் அவ்வாறு செய்யவில்லை.

மாணவர் செய்ய வேண்டுவன

உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்கும் நம் கல்லூரி மாணவ மாணவியர் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. கணக்குத் தொடங்கும்போதே அது எவ்வகைக் கணக்கு, எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். இருப்பு வைக்க இயலாதவர், அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். கணக்குப் புத்தகத்தில் மாதம் ஒரு முறை பதிவு போட்டுப் பார்க்க வேண்டும். புரியாத கழிவு இருந்தால் கிளை மேலாளருக்கு விண்ணப்பம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாளில் விடை வராவிடினும், வந்த விடை நிறைவு தராவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

நானும் அவ்வாறே விண்ணப்பம் கொடுத்தேன். மேலாளர் பொறுமையுடன் படித்தார். கணக்கு ஒரு வாரத்தில் அடிப்படைக் கணக்காக மாற்றப்பட்டது. முன்னறிவிப்பு அனுப்பப்படாத முதல் மாதத்துக்குரிய 59 ரூபாய் மட்டும் திரும்ப வரவு வைக்கப்பட்டது. எஞ்சிய 118 ரூபாய் வரவில்லை.

முடிவுரை

மூன்று நாட்டு நிகழ்ச்சிகளையும் ஒருசேர நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகின்றன. வங்கி நடத்தச் செலவு ஆகும். அதற்குக் கட்டணம் வாங்குவது தவறன்று. அக்கட்டணத்தை யார் சுமப்பது என்பதே வழக்கு. இல்லாதவர் மீது ஏற்றும் கட்டணம், இருப்பவரின் இலவசமாக மாறுகிறது. இங்கிலாந்தில் மக்கள் வழக்கில் தோற்றும் விதியால் வென்றனர். அமெரிக்காவில் வழக்கில் வென்றும் விதியை இழந்தனர். நம் நாட்டில் விதி இருந்தும் அதனை அறிந்தவர் சிலரே.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கையொப்பமிட்டு வங்கிக் கணக்குத் தொடங்கியவர்கள். வீட்டில் கேட்டு அறிந்துகொள்ள நமக்கு முன்னோடி இல்லை. வங்கி அனுப்பும் தாளில் உள்ள சிறிய எழுத்துகளைப் பொறுமையுடன் படிப்பதும், அதிலுள்ள எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதும், அறிந்ததை வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்பதும் படித்தவர் கடமை. பட்டம் பெறுவதற்கு முன்னரே நாம் தொடங்கக் கூடிய பணி இது.